குழாயும் காலும்

தொலைகாட்டி வாங்க எண்ணுகின்ற எவரும் முதலிற் கேட்கும் வினா, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதே. நானும் அவ்வாறே கேட்டேன். அவ்வினாவுக்கு விடையாக ஓர் அட்டைப் பெட்டியின்மேல் 525 என்னும் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அவ்வெண்ணை நம்பி, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, அப்பெட்டியைக் கொழும்பிலிருந்து கிளிநொச்சிவரை பேருந்தில் மடிமீது வைத்துக் கொண்டுவந்தேன். அது 2019 ஆம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று உச்சத்தில் நின்ற காலம்.

பெட்டிக்குள் 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லை பொருத்திய முறிதொலைகாட்டி ஒன்றும், அதனைத் தாங்குவதற்கெனக் குச்சிபோன்ற மூன்று கால்களையுடைய அலுமினிய முக்காலி ஒன்றும் இருந்தன. வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து இரண்டாற் பெருக்கினால் வருவதே அத்தொலைகாட்டி பயனுறக் காட்டக்கூடிய பெரிதாக்கத்தின் மேலெல்லை என்பது வானியலார் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கணக்கு. அக்கணக்கின்படி என்னுடையது 120 மடங்குக்கு மேற் காட்ட இயலாதது. அதற்கு அப்பால் உருவம் பெரிதாகும், மங்கும், விவரம் ஏதும் கூடாது. பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்ற ஒருவன் இவ்வெளிய கணக்கைக் கடைவாயிலில் நின்று போட்டுப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் அன்றிரவு என்னைத் தோற்கடித்தது வில்லையன்று, காலே. இரணைமடுவுக்கு அண்மையில் உள்ள எங்கள் வளவின் முற்றத்தில் முக்காலியை நிறுத்தி நிலவை நோக்கித் திருப்பினேன். நிலவு பார்வைக்குள் வந்தது, துள்ளியது, வெளியே போயிற்று. குவியத்தைச் சரிசெய்யக் கைவைத்தாற் குழாய் நடுங்கியது. கையை எடுத்தாற் காற்று அதனை நடுக்கியது. இதன் கணக்கும் எளிதே. குழாய் ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அசைந்தது என்று கொள்வோம். நூறு மடங்கு பெரிதாக்கும்போது கண்ணுக்கு அது நூறு கலையாகின்றது. முழு நிலவின் அகலமோ ஏறத்தாழ முப்பத்தொரு கலை. ஆகவே, நுளம்பு ஒன்று இருந்தெழுந்த அளவிலான அசைவு நிலவை, வெறுங்கண்ணுக்குத் தோன்றும் அதன் அகலத்தைப்போல் மும்மடங்கு தூரம் தூக்கியெறிகின்றது. தொலைகாட்டி பொருளைப் பெரிதாக்குவதோடு தன் நடுக்கத்தையும் அதே விகிதத்திற் பெரிதாக்கும் என்னும் உண்மையைப் பெட்டியின்மேல் எவரும் அச்சிடுவதில்லை.

அம்மாவை அழைத்தேன். நெடுநேரம் தயங்கிய பின் வந்து குனிந்து பார்த்தார். "ஒண்டும் பிடிபடேல்லைத் தம்பி. நீயே பார்" என்று கூறிவிட்டு உள்ளே சென்றுவிட்டார்.

அம்மா முற்றத்துக்கு வந்ததே எனக்கு ஒரு பெருங்காரியமாக இருந்தது. அதனை விளக்காமல் மேலே செல்ல இயலாது. வன்னியிற் பிறந்து வளர்ந்த என் தலைமுறைக்கு வானம் முதலிற் செவியாலேயே அறிமுகமாயிற்று. கிபிர் விமானம் எத்திசையில் வருகின்றது, ஆளில்லா வேவு விமானமாகிய 'வண்டு' தலைக்கு மேல் நிற்கின்றதா, விலகிச் செல்கின்றதா என்பவற்றை நாங்கள் எழுத்தறிவதற்கு முன்னரே அறிந்திருந்தோம். இரவில் வானத்திற் புதிய வெளிச்சமொன்று தோன்றினால் அது பரா வெளிச்சமாகவே இருந்தது. மின்சாரம் இல்லாத அக்காலத்து வன்னியின் இருளைப்போன்ற இருளை உலகின் வானியலார் பலர் மலையுச்சிகளிலும் பாலைநிலங்களிலும் தேடிச் செல்கின்றனர். எங்களுக்கு அது தேடாமலே வாய்த்திருந்தது. அண்ணாந்து பார்க்கும் மனமே இல்லாதிருந்தது. 2009 க்குப் பின் ஐயா எங்களோடு இல்லை. அம்மா இரவில் வானத்தைப் பார்ப்பதை அத்தோடு முற்றாக விட்டுவிட்டார்.

ஐயா பார்த்தவர். காலபோக வயலிற் பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்கும் கொட்டிலிற் படுத்தபடி, கார்த்திகைக் கூட்டத்தையும் உரோகிணியையும் திருவாதிரையையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குக் காட்டியவர் அவரே. கார்த்திகை உச்சிக்கு வந்தால் இன்ன நேரம் என்று அவர் கூறுவது கடிகாரத்தோடு பெரிதும் ஒத்திருந்தது. தெற்கே தாழ்வாக ஒளிரும் அகத்திய விண்மீனைக் காட்டி, "உது மினுங்காமல் நிண்டால் நாளைக்கு வெளிப்பு" என்பார். அவ்வானிலைக் கணிப்பின் நம்பகத்தை நான் இன்றுவரை சோதித்ததில்லை.

என் முதலாவது தொலைகாட்டி எது என்று எவரேனும் கேட்டால், அந்த அட்டைப் பெட்டியைக் கூறமாட்டேன். 2010 தை 15 ஆம் திகதி நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின்போது நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். உச்சி கடந்த வேளை. கூடாரத்தின் தறப்பாளில் ஊசித்துளைகள் பல இருந்தன. ஒவ்வொரு துளையினூடாகவும் வந்த ஒளி, நிலத்தில் வட்டமாக விழாமல் நாணயக்குற்றி அளவான வளையமாக விழுந்தது. நிலத்திலும் பாயிலும் தண்ணீர்க் கலனிலும் என் கையிலும் வளையங்கள். அவை ஒவ்வொன்றும் சூரியனின் உருவம் என்பதை அப்போது நான் அறியேன். பல்கலைக்கழகத்தில் ஊசித்துளைக் கமெராவின் கோட்பாட்டைப் படித்தபோதுதான் அந்த மதியம் எனக்கு விளங்கியது. சில நிமிடங்கள் நீடித்த அவ்வளையங்கள் சற்றேனும் நடுங்கவில்லை. தறப்பாளை அன்று காற்று அசைக்கவில்லை.

மீண்டும் தொலைகாட்டிக்கு வருவோம். 2019 மார்கழி 26 ஆம் திகதி இன்னொரு கங்கண கிரகணம் வட இலங்கையைக் கடந்தது. நான் கற்பிக்கும் மாணவருக்கு அதனைக் காட்ட விரும்பினேன். குச்சிக் கால்களைக் கழற்றி வீசிவிட்டு, மணல் நிரப்பிய தகரப் பீப்பாவின்மீது மரக்கட்டையொன்றை இறுக்கி அதிற் குழாயைப் பொருத்தினேன். கண்ணால் நோக்காமல், பார்வைத்துண்டுக்குப் பின்னே வெள்ளைத் தாளைப் பிடித்துச் சூரியனின் உருவத்தை அதில் விழச்செய்தேன். (மலிவான தொலைகாட்டிகளுடன் பார்வைத்துண்டிற் பூட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வருவதுண்டு. குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்தாற் கண் போய்விடும். என்னிடம் இருந்ததை அன்றே உடைத்தெறிந்தேன். வாசகர் எவரிடமேனும் இருந்தால் அவ்வாறே செய்க.) முகில் விலகிய வேளையில் வளையம் தாளில் அசைவின்றி நின்றது. அதே குழாய், அதே வில்லை. மாறியது காலொன்றே. அன்றிரவு அதே பீப்பாவின்மீது வைத்து அதே குழாயால் நோக்கியபோது, நான் பழித்து ஒதுக்கியிருந்த வில்லை குற்றமற்றதென்பது தெளிந்தது.

அன்று தொடக்கம் என்னிடம் ஆலோசனை கேட்கும் மாணவருக்கு நான் கூறுவது ஒன்றே: கையிலுள்ள பணத்திற் பாதியையேனும் காலுக்குச் செலவிடுக. அவர்கள் நம்புவதில்லை. குழாய் பளபளப்பது; கால் யாருக்கும் கவர்ச்சியற்றது.

காலுக்கு அடுத்து நோக்கவேண்டியது ஒளி புகும் வாயின் விட்டம். தொலைகாட்டியின் முதன்மையான தொழில் ஒளியைத் திரட்டுதல். பெரிதாக்குதல் அதன் பின்னதே. இருளிற் பழகிய இளங்கண்ணின் மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியும். 60 மில்லிமீற்றர் வில்லை அதனைப்போல் எழுபது மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். 150 மில்லிமீற்றர் ஆடியோ நானூற்றைம்பது மடங்குக்கு மேல் திரட்டும். இவ்வளவு விட்டமுள்ள வில்லையை நிறப்பிறழ்ச்சியின்றி ஆக்குவது மிகுந்த செலவுடையது. குழிவாடி ஒன்றுக்கு ஒரு முகத்தை மட்டும் தேய்த்தாற் போதும். அதனால் எளியவரின் தொலைகாட்டி எப்போதும் தெறிதொலைகாட்டியாகவே இருந்து வந்துள்ளது.

இவ்விடத்து ஒரு துறவியை நினைவுகூர வேண்டும். ஜோன் டொப்சன் என்பார் சீனாவிற் பிறந்து, 1944 இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த சங்கத்திற் சேர்ந்தவர். மடத்தில் இருந்தபடியே கப்பற் சாளரக் கண்ணாடிகளையும் பழம் பலகைகளையும் கொண்டு தொலைகாட்டிகள் செய்து தெருவிற் போவோர் வருவோருக்கு நிலவைக் காட்டினார். அதனாலேயே 1967 இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் வாழ்நாள் முழுவதும், 2014 இல் மறையும்வரை, தெருவோரமே அவருக்கு மடமாயிற்று. அவர் தந்த தாங்கியில் நுட்பமென்று கூற ஒன்றுமில்லை. நிலத்தில் ஒரு வட்டப் பலகை. அதன்மேற் சுழலும் ஒரு பெட்டி. பெட்டியின் இரு விளிம்பிலும் வெட்டிய பள்ளங்களிற் கிடந்து மேலும் கீழும் சாயும் குழாய். பீரங்கியின் தாங்கியும் இத்தகையதே என்று அவர் கூறுவதுண்டாம். பீரங்கியை நேரிற் கண்டு வளர்ந்த எங்களுக்கு அவ்வொப்புமையை விளக்க வேண்டியதில்லை.

2020 இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடும், 2022 இல் ரூபாய் வீழ்ந்த வீழ்ச்சியும் வெளிநாட்டுத் தொலைகாட்டி வாங்கும் எண்ணத்தை அழித்துவிட்டன. ஆடியையும் சிறிய சாய்தள ஆடியையும் இரு பார்வைத்துண்டுகளையும் மட்டும் இந்தியா சென்றுவந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஆடி 150 மில்லிமீற்றர் விட்டமும் 1200 மில்லிமீற்றர் குவியத் தூரமும் உடையது. எஞ்சிய யாவும் எங்கள் அயலிலுள்ள தச்சுவேலை செய்யும் அண்ணையின் கைவேலை. குழாய் வட்டமாகத்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றதும், ஒட்டுப்பலகையிற் சதுரப் பெட்டியாகவே செய்துவிட்டார். அடித்தளத்துக்கு முதிரை மரம் போடலாம் என்றார். தூக்க இரண்டு பேர் வேண்டிவரும் என்று நான் மறுத்தேன். பெட்டி வழுக்கிச் சுழலுவதற்கு, மரக்கறி வெட்டும் பிளாத்திக்குப் பலகையிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டி வைத்தோம். விரலால் தொட்டால் நகரவும் விரலை எடுத்தால் நிற்கவும் வேண்டும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உராய்வைக் கண்டறியவே மூன்று வாரம் சென்றது. அம்மூன்று வாரமும் கடையில் வாங்கியோருக்குக் கிட்டாத கல்வி என்றே கருதுகின்றேன்.

25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு இத்தொலைகாட்டியில் 48 மடங்கும், 10 மில்லிமீற்றர் துண்டு 120 மடங்கும் தரும். முன்னர் வாங்கிய பெட்டியின் 525 உடன் ஒப்பிட்டால் எளிய எண்களே. ஆயினும் திருமண நாளிற் காட்டப்படும் அருந்ததிக்கு அருகே நிற்கும் வசிட்டன் 48 மடங்கிலேயே தெளிவாக இரண்டாகப் பிரிந்தது. அருந்ததியைப் பார்க்கச் சொல்லும் சடங்கில் வசிட்டன் இரட்டையன் என்பதை எவரும் சொல்வதில்லை.

மாணவர் பலர் நிழற்படம் எடுப்பதற்கே தொலைகாட்டி கேட்கின்றனர். நிறங்கள் பொங்கும் வான்முகிற் படங்களைக் கண்டு ஆசைப்பட்டு வருகின்றவர்கள், பார்வைத்துண்டினூடாகச் சாம்பல் நிறப் புகையொன்றைக் கண்டு ஏமாறுகின்றனர். மங்கிய ஒளியிற் கண் நிறமறியாது. கமெரா ஒளியை நெடுநேரம் சேர்த்துவைக்கும், கண் சேர்க்காது. ஆனாற் கமெரா ஒளியைச் சேர்க்கும் நேரமெல்லாம் பூமி சுழன்றுகொண்டிருக்கின்றது. மணித்தியாலத்துக்குப் பதினைந்து பாகை. 50 மில்லிமீற்றர் வில்லையுடைய கமெராவை அசையாமல் நிறுத்தினால், ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்குள் விண்மீன்கள் புள்ளியாக அன்றிக் கோடாக விழத் தொடங்கும். உணரி சிறிதாயின் அதற்கும் முன்னரே. ஆகவே இங்கும் சிக்கல் காலிலேயே வந்து நிற்கின்றது. பார்ப்பதற்கு அசையாத கால் வேண்டும்; படமெடுப்பதற்கு வானத்தோடு ஒத்து அசையும் கால் வேண்டும்.

அத்தகைய காலை மத்தியகோட்டுத் தாங்கி என்பர். அதன் அச்சுக்களில் ஒன்று பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக நிற்கவேண்டும். அதாவது, வான்துருவத்தை நோக்கவேண்டும். துருவத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமன். இலண்டனில் அது ஐம்பத்தொரு பாகைக்கு மேல். கிளிநொச்சியிலோ ஏறத்தாழ 9.4 பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அடிவானத்துக்கு மேல் அம்முட்டி மறைக்கும் அளவே அவ்வுயரம். எங்கள் வளவில் துருவமீன் பனைகளின் தலைக்குள் ஒளிந்திருக்கும். வெளிப்பான இடத்திலும் அடிவானப் புகாரிற் கரைந்திருக்கும். ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் மனத்திற்கொண்டு செய்யப்படும் தாங்கிகள் பலவற்றின் அளவுகோல் இவ்வளவு தாழ இறங்குவதில்லை. இறங்குபவற்றிலும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். பெருந்தொகை கொடுத்து இயந்திரத் தாங்கி வாங்குவோர் இதனைக் கேட்டறிந்தே வாங்கவேண்டும். வழிகாட்டி நூல்களிற் பெரும்பாலானவை நாற்பது பாகை வடக்கே இருந்து எழுதப்பட்டவை.

தாழ்ந்த துருவம் தரும் தொல்லைக்கு ஈடாக ஒரு கொடையும் உண்டு. வடதுருவம் அடிவானத்தோடு கிடப்பதால் தென்வானம் ஏறத்தாழ முழுவதும் நமக்கு எழுகின்றது. ஓராண்டில் வான்கோளத்தின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கிளிநொச்சியில் நின்று காணலாம். வைணு பாப்பு தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை வானோக்ககத்துக்குத் தெரிந்தெடுத்தமைக்கும் தென்வானம் காணும் இவ்வாய்ப்பு ஒரு காரணம். அங்கு 1968 இல் 38 சென்ரிமீற்றர் தொலைகாட்டியோடு பணி தொடங்கியது. 1977 பங்குனி 10 ஆம் திகதி யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அதனை நோக்கிய இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 இல் நிறுவப்பட்ட 234 சென்ரிமீற்றர் ஆடியைக் குதிரைலாட வடிவான மாபெரும் மத்தியகோட்டுத் தாங்கி ஏந்தி நிற்கின்றது. நாமோ காவலூரிலும் மூன்று பாகை தெற்கே நிற்கின்றோம்.

மாபெரும் தாங்கி வாங்க இயலாதவருக்கு 1975 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் ஓர் உபாயம் காட்டினார். இரண்டு பலகைகள், அவற்றை இணைக்கும் கதவுப் பிணைச்சல் ஒன்று, ஒரு பலகையை மற்றதிலிருந்து மெல்ல உயர்த்தும் திருகாணி ஒன்று. பிணைச்சல் துருவத்தை நோக்க, மேற்பலகையிற் கமெரா இருக்கும். கணக்கு இதுவே: பூமி ஒரு முழுச் சுற்றுக்கு எடுப்பது 23 மணித்தியாலம் 56 நிமிடம். திருகாணியின் புரிகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர் தூரம் இருக்குமாயின், அதனைப் பிணைச்சலிலிருந்து ஏறத்தாழ 229 மில்லிமீற்றரில் வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினால் மேற்பலகை வானத்தோடு ஒத்துச் செல்லும். சாதாரண ஆறு மில்லிமீற்றர்த் திருகாணிக்கு அத்தகைய புரியே உண்டு. "இருநூற்றி முப்பது எண்டு வைப்பமே?" என்றார் தச்சுவேலை அண்ணை. வைத்தால் ஒன்றும் குடிமுழுகாது என்றே கூறினேன். அவர் 229 இலேயே வைத்தார்.

2024 மாசியில், பனிக்காலம் முடியும் தறுவாயில், அப்பலகைகளையும் இரவல் கமெராவையும் லான்ட்மாஸ்ரரில் ஏற்றி இரணைமடுக் குளக்கட்டுக்குச் சென்றோம். ஏ-9 வீதியின் விளக்குகளால் வடமேற்கு வெளிறியிருந்தது. தெற்கு இன்னும் கருமையாகவே இருந்தது. மாணவி ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கால் நிமிடத்துக்கும் திருகாணியைக் கால்வட்டம் திருப்பினாள். இரண்டு நிமிடப் படத்தில் தென்சிலுவையும் அதன் மேற்கேயுள்ள கரைனா வான்முகிலும் புள்ளி பிசகாமல் விழுந்தன. முதல் ஐந்து படங்கள் பாழ்போயின என்பதையும் கூறவேண்டும். ஒன்றை எடுக்கும்போது எனக்குத் தும்மல் வந்தது.

சனிக்கோளை 2023 ஆவணியிற் கண்டோம். சோளகம் அன்றும் வீசிக்கொண்டுதான் இருந்தது. சதுரக் குழாயை முற்றத்தில் வைத்து 120 மடங்கிற் சனியை நிறுத்திவிட்டு, "அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றேன். முதல் அனுபவத்தை மறவாதவர் வாசற்படியிலேயே நின்றார். பின்னர் வந்து குனிந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"வளையம் கிடக்குது" என்றார். சற்றுக் கழித்து, "இது அசையேல்லையே தம்பி."

அசைகின்றது என்றேன். பூமி சுழல்வதனால் சனி ஒன்றரை நிமிடத்திற் பார்வையின் விளிம்புக்குச் சென்றுவிடும். குழாயின் விளிம்பை விரலால் மெல்லத் தள்ளினால் மீண்டும் நடுவுக்கு வரும் என்று காட்டினேன். அவர் தள்ளினார். சனி வந்தது. மீண்டும் ஓடியது, மீண்டும் தள்ளினார். அவ்வேளை மிக உயரத்திற் பயணிகள் விமானமொன்று விளக்கு மின்னியபடி தெற்கு நோக்கிச் சென்றது. அதன் ஒலி எங்களை வந்தடைந்ததும் அம்மாவின் விரல் குழாயில் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தி விமானம் மறையும்வரை பார்த்தார். பின்னர், "ஓடிப்போச்சுது, எங்க கிடக்குது எண்டு பிடிச்சுத் தா" என்று சனியைக் கேட்டார்.

மறுநாள் மாலை நான் பாடசாலையிலிருந்து வந்தபோது, அடுப்படிக்குள் கிடக்கும் சிறிய வாங்கு முற்றத்தில் தொலைகாட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திற் போடப்பட்டிருந்தது. குனிந்து நிற்க இடுப்பு வலிக்கின்றதாம்.